“ஜுவாலஜியா?” “இல்லைங்க... ஜியாலஜி!” - எம்.எஸ்ஸி-யின் நான்கு செமஸ்டரை வீணாக்காமல் திட்டமிடுவது எப்படி?

“அடுத்து என்ன படிக்கப் போற?”

“எம்.எஸ்ஸி ஜியாலஜி, மாமா.”

“ஓ... ஜுவாலஜியா! தவளையெல்லாம் அறுப்பீங்களே!”

பி.எஸ்ஸி ஜியாலஜி முடித்த யாருக்கும் இந்த உரையாடல் புதுசு இல்லை. ‘ஜு இல்லை, ஜி’ என்று திருத்தினால் அடுத்த கேள்வி வரும்: “அப்போ மேப் போடுற படிப்பா?” அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளிப் புத்தகத்தில் ‘புவியியல்’ என்றால் ஜியாக்ரஃபி. அதே ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்று அரசு அலுவலகப் பலகையில் பார்த்தால் அது ஜியாலஜி. பெயரிலேயே குழப்பம் உள்ள படிப்பு இது.

பெயர்க் குழப்பம் போகட்டும். இந்தப் படிப்புக்கு உண்மையிலேயே ஒரு தேவை இருக்கிறது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு, ஒரே வீட்டில் 7 பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். அந்தச் சரிவின் கீழே இனிமேல் வீடு இருக்கலாமா, கூடாதா? அதே ஆண்டு ஜூலையில் வயநாட்டில் நடந்தது நீலகிரியின் எந்தச் சரிவில் நடக்க வாய்ப்பு? ஊரில் 800 அடி போர் போட்டும் புழுதிதான் வருகிறதே, தண்ணீர் எங்கே போச்சு? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஜியாலஜி படித்தவர்கள்.

ஆனால், எம்.எஸ்ஸி என்பது வெறும் 2 வருஷம். செமஸ்டர் தேர்வு, லீவு எல்லாம் கழித்தால் வகுப்பறையும் களமுமாகக் கையில் நிற்பது சுமார் 16 மாதங்கள். “சேர்ந்துட்டுப் பார்த்துக்கலாம்” என்று போனால், மூன்றாவது செமஸ்டரில்தான் கண் திறக்கும். அதற்குள் பாதி வாய்ப்புகளின் கடைசித் தேதி முடிந்திருக்கும். அதனால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து ஒரு பேப்பரில் திட்டம் போட்டுவிடுங்கள். எப்படின்னு பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்களுக்குத் தகுதி இருக்கா?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பெரும்பாலான எம்.எஸ்ஸி ஜியாலஜி படிப்புகளுக்கு, இளநிலையில் ஜியாலஜியை ஒரு பாடமாகவாவது படித்திருக்க வேண்டும். ஐ.ஐ.டி-க்களுக்கான ‘ஜாம்’ தேர்வை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஆனால் சீட் கிடைக்கும்போது அந்தந்த நிறுவனத்தின் தகுதி நிபந்தனை குறுக்கே வரும். பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, “பாறை பிடிக்கும், ஜியாலஜி போறேன்” என்றால் பல கதவுகள் திறக்காது.

அதற்காக மனம் தளர வேண்டாம். பக்கத்துக் கதவுகள் இருக்கின்றன.

* பிசிக்ஸ், மேத்ஸ் படித்தவர்களுக்கு ஜியோபிசிக்ஸ். பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதை அதிர்வலை, மின்தடை, காந்தப்புலம் வழியாகக் கண்டுபிடிக்கும் துறை.
* வேறு அறிவியல் பாடங்கள் படித்தவர்களுக்கு ரிமோட் சென்சிங், ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், சுற்றுச்சூழல் அறிவியல், கடலியல் படிப்புகளில் சில இடங்களில் வாய்ப்பு உண்டு.
* கெமிஸ்ட்ரி பிரியர்கள் எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரியே படித்துவிட்டும் வரலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில், அதாவது ஜி.எஸ்.ஐ-யில், ‘கெமிஸ்ட்’ பணியிடங்கள் தனியாகவே உண்டு. பாறையையும் தாதுவையும் ஆய்வகத்தில் பகுத்துப் பார்க்கும் வேலை.

இரண்டாவது கேள்வி: பட்டத்தில் என்ன பெயர் இருக்கு?

‘எல்லாம் ஒண்ணுதானே’ என்று நினைக்கிற இந்த விஷயம், பின்னாளில் தொண்டையைப் பிடிக்கும். எம்.எஸ்ஸி ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி, எர்த் சயின்ஸ், ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்... பாடங்களில் பாதி ஒன்றுபோலத் தெரியும். ஆனால் யு.பி.எஸ்.சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வில், எந்தெந்தப் பெயர் கொண்ட பட்டங்கள் செல்லும் என்று அறிவிப்பிலேயே பட்டியல் போட்டிருப்பார்கள். ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி போன்றவை அதில் உண்டு. புதுசாக, கவர்ச்சியாகப் பெயர் வைத்த ஒரு படிப்பு அதில் இல்லாமல் போகலாம்.

எனவே, சேர்வதற்கு முன் 10 நிமிஷ வேலை ஒன்று செய்யுங்கள். யு.பி.எஸ்.சி இணையதளத்தில் கடைசியாக வந்த ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு அறிவிப்பைத் தரவிறக்குங்கள். கல்வித் தகுதிப் பகுதியில், நீங்கள் சேரப்போகும் பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ‘அரசு வேலை’ கனவோடு அந்தப் படிப்பில் சேராதீர்கள்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சேலம் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி கல்லூரி எனப் பல ஊர்களில் துறைகள் இருக்கின்றன. ரிமோட் சென்சிங் பக்கம் சாய்ந்தால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி பி.ஜி தேர்வு எழுத வேண்டும். பம்பாய், கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி-க்கள், தன்பாத் ஐ.எஸ்.எம் ஆகியவற்றுக்கு ஜாம். அதற்கு விண்ணப்பம் பொதுவாக செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். அதாவது, பி.எஸ்ஸி மூன்றாம் ஆண்டு தொடங்கியதுமே இந்தத் தேதிகள் காலண்டரில் ஏறியிருக்க வேண்டும்.

எந்த ஆண்டில் எந்தப் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிறது என்பதை அந்தந்த இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயரையும் ரேங்கையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முடிந்தால் ஒரு நாள் நேரில் போய், அங்கே படிக்கும் சீனியரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. 2 வருஷத்தில் மொத்தம் எத்தனை நாள் களப்பயணம்? எங்கே கூட்டிட்டுப் போறாங்க? செலவு யாருடையது?
2. மைக்ராஸ்கோப் ஒரு ஆளுக்கு ஒண்ணா, அஞ்சு பேருக்கு ஒண்ணா?
3. பாறையிலிருந்து தின்செக்‌ஷன் வெட்டும் மெஷின் வேலை செய்யுதா?
4. ஜி.ஐ.எஸ் லேப் எப்பவும் திறந்திருக்குமா, பிராக்டிகல் அன்னைக்கு மட்டும்தானா?
5. போன பேட்ச் இப்போ எங்கே இருக்காங்க?

மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் அதுதான் துறையின் ஆரோக்கியத்தைக் காட்டும். ஒரு பாறைத் துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால், கருங்கல்கூட ஒளி ஊடுருவும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருப்பினால் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு நிறம் காட்டும். அதை நீங்களே ஒருமுறை வெட்டி, தேய்த்து, உடைத்து, திரும்பத் தேய்த்துக் கற்றுக்கொள்வதும், 30 வருஷத்துப் பழைய ஸ்லைடை வரிசையில் நின்று எட்டிப்பார்ப்பதும் ஒன்றல்ல.

முதல் செமஸ்டர்: அஸ்திவாரம்

கல்லூரிக்குக் கல்லூரி பாடத்திட்டம் மாறும். ஆனாலும் பொதுவாக முதல் ஆண்டில் கனிமவியல், பாறையியல், கட்டமைப்பு நிலவியல், படிவுப் பாறைகள், தொல்லுயிரியல், பாறை அடுக்கியல் போன்ற அடிப்படைகள் வந்துவிடும். இரண்டாம் ஆண்டில் தாதுக்கள், நிலத்தடி நீர், ரிமோட் சென்சிங், பொறியியல் நிலவியல், ப்ராஜெக்ட்.

முதல் செமஸ்டரில் செய்ய வேண்டியவை இரண்டு.

ஒன்று, சொந்தமாக ஒரு சின்னக் கருவிப்பை. 10 மடங்கு பெரிதாக்கும் ஹேண்ட் லென்ஸ், ஜியாலஜி சுத்தியல், கெட்டி அட்டை போட்ட களக் குறிப்பேடு, பென்சில். பென்சில் எதற்கு? வியர்வையிலும் மழையிலும் பேனா மை ஓடிவிடும், பென்சில் ஓடாது. விலை அதிகமான பிரண்டன் காம்பஸை உடனே வாங்க வேண்டியதில்லை, துறையில் இருக்கும். மொபைல் ஆப் வைத்தும் பாறை அடுக்கின் சாய்வை அளக்கலாம். ஆனால் முதலில் நிஜக் காம்பஸில் பழகுங்கள். போனின் காந்த உணரி, இரும்பு பக்கத்தில் இருந்தாலே திசையைத் தப்பாகக் காட்டும். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கக் கையளவு அனுபவம் வேண்டும்.

இரண்டு, ஜி.ஐ.எஸ். மூன்றாவது செமஸ்டரில் பாடமாக வரும் என்று காத்திருக்காதீர்கள். க்யூ-ஜி.ஐ.எஸ் மென்பொருள் இலவசம். ஜி.எஸ்.ஐ-யின் ‘பூகோஷ்’ தளத்தில் நிலவியல் வரைபடங்கள் கிடைக்கும். இஸ்ரோவின் ‘புவன்’ தளம் இருக்கிறது. 30 மீட்டர் துல்லியமுள்ள லேண்ட்சாட் படங்களும், 10 மீட்டர் துல்லியமுள்ள சென்டினல்-2 படங்களும் இலவசம். உங்கள் சொந்த ஊரை மையமாக வைத்து ஒரு நிலவியல் வரைபடம் போட்டுப் பாருங்கள். வாரம் 3 மணி நேரம் போதும். முதல் செமஸ்டர் முடிவதற்குள் கை பழகிவிடும்.

இரண்டாம் செமஸ்டர்: களமே வகுப்பு

தமிழ்நாட்டில் ஜியாலஜி படிப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. பஸ்ஸில் போகிற தூரத்தில் உலகத் தரமான களங்கள்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனால், டைனோசர் காலத்துக் கடல் அடித்தளத்தின் மீது நிற்பீர்கள். காரை பகுதியின் சிவந்த, மழை அரித்த மேடுகளில் அம்மோனைட் படிமங்கள் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிற மரம். 1940-ல் அதை அடையாளம் கண்டவர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவர். பின்னாளில் 1951-ல் ஜி.எஸ்.ஐ-யின் இயக்குநரான முதல் இந்தியர். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு.

சேலத்தில் மேக்னசைட். கஞ்சமலையில் இரும்புத் தாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் செந்நிறத் தேரி மணல். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கனிம மணல்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கு ஒரு தனிக்கதை உண்டு. நிலாவின் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிர் நிறப் பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை சித்தம்பூண்டியில் இருக்கிறது. சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்க்க ‘நிலா மண்’ தேவைப்பட்டபோது, இஸ்ரோ இந்தப் பகுதிப் பாறையைத்தான் எடுத்துப் பொடியாக்கியது. நம்ம ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பாறைக்கு நிலாவோடு சொந்தம்!

களப்பயணத்தில் செல்ஃபி எடுங்க, தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பாறை வெளிப்பாட்டிலும் முதலில் ஐந்து விஷயங்கள் குறிப்பேட்டில் ஏறட்டும்: இடம், பாறையின் பெயர், அடுக்கின் போக்கும் சாய்வும், மாதிரி எண், கையால் வரைந்த ஒரு படம். போட்டோ இருக்கே, எதுக்குப் படம் என்று கேட்கலாம். போட்டோவில் எல்லாமே இருக்கும். கையால் வரையும்போதுதான் எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அந்த முடிவுதான் ஜியாலஜி.

மாதிரி எடுக்கும் ஆர்வத்தில் பாதுகாக்கப்பட்ட இடங்களில் சுத்தியலைத் தூக்கிவிடாதீர்கள். கல்மரத்தை உடைத்து வீட்டு ஷோகேஸில் வைத்தால், அது படிப்பு இல்லை, திருட்டு. குவாரிக்கும் அடுத்தவர் நிலத்துக்கும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பெண்களுக்குக் களம் சரிப்படுமா?

வீட்டில் கட்டாயம் வரும் கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லிவிடலாம். களத்தில் கழிப்பறை இருக்காது. வெயில் இருக்கும். தனியாக ஓர் இடத்தில் வேலை செய்வது யாருக்குமே பாதுகாப்பானது அல்ல. ஆணோ பெண்ணோ, இரண்டு பேராகப் போவதே முறை. எனவே, துறையில் பெண் ஆசிரியர்கள் களத்துக்கு உடன் வருகிறார்களா, தங்குமிடம் எப்படி என்று சேர்வதற்கு முன்பே சீனியர் மாணவிகளிடம் பேசுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

வேலையிலும் நிலைமை மாறியிருக்கிறது. 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்துக்குள் வேலை செய்ய விடாமல் தடுத்தது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பகல் நேரத்தில் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்திலும் பணிபுரிய வழி திறந்தது. “பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வேலையே கிடையாது” என்கிற பழைய பேச்சுக்கு இந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வரும் கோடை: யாரும் கவனிக்காத 2 மாதம்

முதல் ஆண்டு முடிந்து வரும் மே, ஜூன் மாதங்கள்தான் மொத்தத் திட்டத்தின் அச்சாணி. இதை ஊரில் தூங்கிக் கழித்தால், அதன் விலை அடுத்த ஆண்டு தெரியும்.

ஓர் உதாரணம் பாருங்கள். உங்கள் ப்ராஜெக்ட், சொந்த ஒன்றியத்தின் நிலத்தடி நீர்த் தரம் என்று வைத்துக்கொள்வோம். மழைக்கு முன்பு ஒரு முறை, மழைக்குப் பின்பு ஒரு முறை என அதே கிணறுகளில் தண்ணீர் எடுத்து ஒப்பிட்டால்தான் ஆய்வுக்கு அர்த்தம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு முக்கிய மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. ப்ராஜெக்ட் நான்காவது செமஸ்டரில்தானே என்று ஜனவரியில் தலைப்பு தேடினால், மழை பெய்து ஓய்ந்திருக்கும். ‘மழைக்கு முன்’ மாதிரியை எந்தக் காலத்திலும் திரும்ப எடுக்க முடியாது. பருவமழை உங்கள் செமஸ்டர் அட்டவணைக்காகக் காத்திருக்காது!

எனவே, கோடையிலேயே தலைப்பையும் வழிகாட்டும் ஆசிரியரையும் முடிவு செய்துவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பருக்குள் முதல் சுற்று மாதிரி கையில் இருக்கட்டும். தலைப்பு சின்னதாக இருப்பது நல்லது. ‘தமிழ்நாட்டின் நிலத்தடி நீர்’ என்பது தலைப்பு அல்ல, ஒரு நூலகம். ‘எங்கள் ஒன்றியத்தின் 25 கிணறுகளில் உப்பு ஏறுவது ஏன்?’ என்பது ஒருவர் முடிக்கக்கூடிய தலைப்பு.

இன்னொரு சின்ன விஷயம். தண்ணீர் ஆய்வு முடிவுகள் வந்ததும், நேர் அயனிகளின் மொத்தமும் எதிர் அயனிகளின் மொத்தமும் ஏறக்குறைய சமமாக வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் 5 சதவிகிதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் ஆய்வகத்தில் எங்கோ தப்பு. வைவாவில் இந்தக் கேள்வி வந்தால், ‘பார்த்தேன் சார்’ என்று சொல்ல முடிகிறவருக்கு மரியாதையே தனி.

கோடையிலேயே ஏதாவது ஓர் ஆய்வகத்திலோ, நீர், கனிமம் சார்ந்த அலுவலகத்திலோ இன்டர்ன்ஷிப் முயற்சி செய்யலாம். இந்திய அறிவியல் அகாடமிகள் இணைந்து வழங்கும் கோடை ஆய்வு ஃபெலோஷிப்புக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதாவது, முதல் செமஸ்டரிலேயே.

மூன்றாம், நான்காம் செமஸ்டர்: தேர்வுக் காலண்டர்

இங்கேதான் தேதிகள் ஒன்றோடொன்று மோதும். பொதுவான வரிசை இது.

யு.பி.எஸ்.சி ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு: வழக்கமாக செப்டம்பரில் அறிவிப்பு, பிப்ரவரியில் முதல்நிலை, ஜூனில் முதன்மைத் தேர்வு. ஜி.எஸ்.ஐ-யின் ஜியாலஜிஸ்ட், ஜியோபிசிசிஸ்ட், கெமிஸ்ட் பணிகளுக்கும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் விஞ்ஞானி பணிகளுக்கும் இதுதான் வாசல். வயது வரம்பு பொதுவாக 21 முதல் 32 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. முதல்நிலை 400 மதிப்பெண், கொள்குறி வினாக்கள். முதன்மை 600 மதிப்பெண், மூன்று தாள்கள், விரிவாக எழுத வேண்டும். நேர்முகம் 200.

முதன்மைத் தேர்வு ஜூனில் என்பதைக் கவனியுங்கள். உங்கள் நான்காவது செமஸ்டர் முடிந்த சூடு ஆறுவதற்குள் வருகிறது. இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பிப்பதற்கான நிபந்தனையை அறிவிப்பில் படித்துவிட்டு, இரண்டாம் ஆண்டு செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். விரிவாக எழுதும் தாள் என்பதால், செமஸ்டர் தேர்வையே அதற்கான ஒத்திகையாக மாற்றலாம். ஒவ்வொரு பதிலிலும் பெயர் குறித்த ஒரு படம், ஓர் இந்திய உதாரணம் என்று எழுதிப் பழகுங்கள்.

கேட்: பிப்ரவரியில் நடக்கும். ‘ஜியாலஜி அண்ட் ஜியோபிசிக்ஸ்’ என்று தனித் தாள் உண்டு. மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், முதல் ஆண்டிலேயே ஒருமுறை எழுதிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் ஜியாலஜிஸ்ட் பணிக்கு கேட் வழியாக ஆள் எடுத்திருக்கின்றன. ஆனால் எல்லா வருஷமும் ஒரே முறை இருக்காது. அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சி.எஸ்.ஐ.ஆர் நெட்: ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி என்று நினைப்பவர்களுக்கு. புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்று ஒரே தாளில் எல்லாம் வரும். ஜியாலஜி மட்டும் படித்தவர்களுக்கு வளிமண்டலப் பகுதி கொஞ்சம் கண்ணைக் கட்டும்.

டி.என்.பி.எஸ்.சி: உதவி ஜியாலஜிஸ்ட் போன்ற மாநிலப் பணிகளுக்கு இடையிடையே அறிவிப்பு வரும். இடங்கள் குறைவு. எனவே இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துரத்தினால் ஒன்றும் நடக்காது. முதன்மையாக ஒன்று, துணையாக ஒன்று. ஜியோ சயின்டிஸ்ட் தேர்வும் கேட்டும் பாடத்தில் நிறைய ஒத்துப்போகும். அது நல்ல ஜோடி.

அரசு வேலை கிடைக்கலைன்னா?

இந்தக் கேள்வியைக் கடைசி செமஸ்டரில் கேட்காதீர்கள், சேரும்போதே கேளுங்கள். ஐ.டி கம்பெனிகள் மாதிரி வளாகத்துக்கு வந்து வரிசையில் ஆள் எடுக்கும் துறை இது இல்லை. ஜியோ சயின்டிஸ்ட் தேர்வின் இடங்களும் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். முதல் முயற்சியிலேயே கிடைத்தால் கொண்டாட்டம். கிடைக்காவிட்டால் அடுத்த ஒரு வருஷம் சாப்பாட்டுக்கு என்ன வழி?

வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கைத்திறனைக் கேட்கும்.

நிலத்தடி நீர் ஆய்வு. தமிழ்நாட்டின் முக்கால் பங்கு அளவுக்குக் கடினப் பாறைதான். அதில் தண்ணீர், விரிசல்களில்தான் நிற்கும். கையில் தேங்காயை நிமிர்த்தி வைத்து நீரோட்டம் பார்க்கிறவர்கள் இன்னமும் பிஸியாக இருக்கிறார்கள். நிலத்தில் மின்சாரம் செலுத்தி, மின்தடையை அளந்து, விரிசல் எந்த ஆழத்தில் இருக்கலாம் என்று சொல்லத் தெரிந்த ஜியாலஜிஸ்ட்டுக்கும் அதே ஊரில் வேலை இருக்கிறது. ஆனால் தேங்காயை நம்பும் விவசாயிக்கு அவர் மொழியில் புரியவைக்கும் திறமையும் வேண்டும். ‘இங்கே தண்ணி கிடைக்க வாய்ப்பு கம்மி, காசைப் போடாதீங்கய்யா’ என்று சொல்லும் நேர்மை அதைவிட முக்கியம். ஒரு போர் தோற்றால் அவருக்கு ஒரு வருஷ வருமானம் போகிறது.

ஜி.ஐ.எஸ். மேப்பிங் நிறுவனங்கள் முதல் அரசுத் திட்டங்கள் வரை ஆள் தேவைப்படுகிற இடம். ஜி.ஐ.எஸ்ஸோடு கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் கூடுதல் பலம்.

சுரங்கம், குவாரி, சுற்றுச்சூழல் ஆய்வு. சுரங்கத் திட்டம் தயாரிப்பது, தாது இருப்பைக் கணக்கிடுவது, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் நிலவியல் பகுதியை எழுதுவது. இதில் அனுபவம் ஏற ஏறத்தான் மதிப்பு. 2023-ல் மத்திய அரசு 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. லித்தியம், கோபால்ட், அரிய மண் தனிமங்கள் எல்லாம் அதில் உண்டு. 2025 ஜனவரியில் அதற்கான தேசியத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. உங்கள் கையில் இருக்கும் போனின் பேட்டரியிலிருந்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வரை, யாரோ ஒருவர் பாறையில் தேடிக் கண்டுபிடித்த பொருள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால், இரண்டாம் ஆண்டு முடியும்போது உங்கள் பையோடேட்டாவில் சான்றிதழ்கள் நிறைய இருக்க வேண்டும் என்பதில்லை. ‘இதை நானே செய்தேன்’ என்று காட்ட மூன்று பொருள்கள் போதும்: சொந்தமாக அளந்து போட்ட ஒரு நிலவியல் வரைபடம், சொந்தமாக எடுத்த தரவுகளோடு ஒரு ப்ராஜெக்ட் அறிக்கை, தேதி வாரியாக எழுதிய களக் குறிப்பேடு. இன்டர்வியூவில் அந்த அழுக்குக் குறிப்பேட்டை மேஜையில் வைத்துப் பாருங்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.

கடைசியாக ஒரு சோதனை

இத்தனையும் படித்த பிறகும் ‘எனக்கு இது செட் ஆகுமா?’ என்று சந்தேகமா? அட்மிஷன் ஃபார்ம் நிரப்புவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செலவழியுங்கள். சென்னைக்காரர்கள் பரங்கிமலைக்குப் போகலாம். பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் தெரியும் அந்தக் கருநீலப் பாறைக்குப் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அதன் பாறைக்கு அவர் பெயரையே வைத்தார். அந்தக் கல்லின் வகைப் பாறை இருப்பது இங்கே, நம்ம பரங்கிமலையில். இன்று உலகில் எந்த நாட்டில் அந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். ஜி.எஸ்.ஐ இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

வேறு ஊர்க்காரர்கள் உங்கள் ஊர் மலைக்குப் போங்கள். கரடாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு லென்ஸ், ஒரு நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில் மட்டும். போனை சைலன்ட்டில் போடுங்கள். ஒரே ஒரு பாறை முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணில் படுவதை எல்லாம் எழுதி, வரைந்து பாருங்கள். கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன? எது எதை வெட்டிக்கொண்டு போகிறது? எது முதலில் வந்தது?

20 நிமிஷத்தில் சலித்துப்போனால், இந்த 2 வருஷம் உங்களுக்கு நீளமாகத் தெரியும். வேறு படிப்பை யோசியுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால், வெயில் ஏறியதுகூடத் தெரியாமல் ‘இந்த வெள்ளைக் கோடு ஏன் இங்கே மட்டும் வளையுது?’ என்று உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், ஃபார்மை நிரப்பிவிடுங்கள்.

மாமாவிடம் ‘ஜு இல்லை, ஜி’ என்று இன்னும் பல வருஷம் சொல்ல வேண்டியிருக்கும். அது மட்டும் எந்தத் திட்டத்திலும் அடங்காது!